உருளைக்கிழங்கு மாவுப் பனி

லமாராவுக்குப் பனி வேண்டுமென்றால்
தோல் பையில் உருளைக்கிழங்கு மாவை அடைத்து
இரு கட்டைவிரலாலும் அமுக்குவாள்.
கறுக். கறுக்.
திரையில் ஒரு படைவீரன் மலையைக் கடந்துவிடுவான்.

நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்.
நாடாவை ஓட்டுவதும் நிறுத்துவதும் என் உத்தியோகம்.
இருபத்திரண்டு வருஷமாக அவள் கைகளைத்தான் எனக்குத் தெரியும்.
முகம் எப்போதும் திரையைப் பார்த்திருக்கும்.

புறா எழும்ப ஒரு ஜோடிக் கையுறை.
முத்தத்துக்குத் தன் முழங்கையின் உட்புறம்.
எலும்பு முறிய செலரித் தண்டு,
மிச்சத்தை மத்தியானம் சூப்பில் போட்டுக்கொள்வாள்.
மழைக்கு மட்டும் மழையை அழைக்கமாட்டாள்.
"மழை ரொம்பச் சுமாராக நடிக்கும்" என்பாள்.

திபிலிசியில் கரண்ட் வராத அந்தக் குளிர்காலங்களில்
மண்ணெண்ணெய் அடுப்பருகே குந்தி
கையில் கிடைத்ததையெல்லாம் தட்டிப் பார்ப்பாள்.
"இந்தச் சாவிக்கொத்துக்குள் ஒரு குதிரைவண்டி இருக்கிறது,
கேட்கிறதா?"
எனக்குச் சாவிதான் கேட்டது.
மூன்றாம் நாள் கேட்டது.
அதற்குப் பிறகு வீட்டைத் திறக்கும்போதெல்லாம்
வாசலில் யாரோ வந்து இறங்குகிறார்கள்.

"நான் பேசும்போது நீ என் சட்டையைக் கேட்கிறாய்"
என்று சொல்லிவிட்டுத்தான் குராம் அவளைப் பிரிந்து போனான்.
அவள் மறுக்கவில்லை.
"கம்பளி. இடது கை விலாவில் உரசும்போது
என்ன ஒரு சத்தம் தெரியுமா" என்றாள் என்னிடம்,
போனவனைப் பற்றி வேறொன்றும் சொல்லாமல்.

பிறகு அவள் தங்கை சியாலா செத்துப்போனாள்.

சவப்பெட்டியில் மண் விழும் சத்தத்தை
நாங்கள் ஒன்பது படங்களுக்குச் செய்திருக்கிறோம்.
பலகைப் பெட்டிமேல் ரவை, ஒரு சாண் உயரத்திலிருந்து.
ஊரே அழுதிருக்கிறது அந்த ரவைக்கு.
இங்கேயோ முந்தின நாள் மழையில் ஊறிய களிமண்.
கட்டி கட்டியாக விழுந்தது,
கதவுக்கு வெளியே யாரோ செருப்பை உதறுவதுபோல.
லமாரா என் சட்டைக்கையை இறுகப் பிடித்தாள்.
"இது சரியில்லை" என்றாள்.
சொன்ன வாயைச் சால்வையால் பொத்திக்கொண்டாள்.

ஏழு மாதம் ஒன்றும் வரவில்லை.
மாவு மாவாகவே இருந்தது.
கையுறைக்குள் ஒரு புறாவும் இல்லை.
டைரக்டர் ஒத்தார் பழைய நாடாக்களில் தேடி
யாருடைய காலடிகளையோ எடுத்து ஒட்டிக்கொண்டார்.
அவள் தினமும் வந்தாள்,
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள்,
போனாள்.

அப்புறம் ஒரு சிரிப்புப் படம்.
கவிழ்த்த படகுக்கடியில் ஒளிந்திருக்கிறான் மாப்பிள்ளை.
மேலே மரக்கிளையில் ஒரு பொடியன்
கனிந்த ப்ளம் பழங்களை ஒவ்வொன்றாகப் போடுகிறான்.
"பழத்துக்குப் பழமே போதுமே" என்றார் ஒத்தார்.
லமாரா ஒரு வாளியோடு வந்தாள்.
களிமண்.
எந்த மண் என்று நான் கேட்கவில்லை.
தண்ணீர் தெளித்துப் பிசைந்தாள், உருட்டவில்லை,
தானாக உடையும்படி விட்டாள்.

தொப்.
தொப், தொப்.

எனக்குத் தெரிந்துவிட்டது.
எனக்குத் தெரிந்தது அவளுக்கும் தெரிந்தது.
முதல் தடவையாகத் திரையை விட்டு
கண்ணாடி வழியே என்னைப் பார்த்தாள்.
நிறுத்து என்று சொல்லவில்லை.
நானும் நிறுத்தவில்லை.

முதல் காட்சியன்று கொட்டகை குலுங்கியது.
ஒவ்வொரு பழத்துக்கும் ஓர் அலை சிரிப்பு.
ஒரு கிழவர் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார்.
எனக்கு ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்று தெரியாமல்.
லமாரா என் பக்கம் சாய்ந்தாள்.
அழப்போகிறாள் என்று நினைத்தேன்.
"இரண்டாவது கொஞ்சம் முந்தி விழுந்துவிட்டது" என்றாள்.

ஆமாம். முந்தித்தான் விழுந்திருந்தது.
படம் அதற்குள் குத்தாயிசி, பத்தூமி என்று
ஓட ஆரம்பித்துவிட்டது.
ஆனாலும் மறுநாள் நாடாவை எடுத்து வெட்டி
இரண்டு ஃப்ரேம் தள்ளி ஒட்டினேன்.
யாரும் கேட்கப்போகாத அந்தப் பிரதி
என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.